பங்குக் கிணறுள்ள வீடு விற்பனைக்கு

காணி விற்றுக் கொடுக்கும் தொழிலுக்குள் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஒரு விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரோக்கரை ஒருவருக்கும் பிடிக்காது. கலியாணப் புரோக்கருக்காவது கலியாண வீட்டில் ஒரு இலை போடுவார்கள். காணிப் புரோக்கரைப் புதுவீட்டுக் குடிபூரலுக்குக்கூடக் கூப்பிடமாட்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் சனம் திரும்பி வந்து வேலி அடைக்கத் தொடங்கிய காலத்தில் இந்த வேலைக்கு வந்தேன். மோட்டார் சைக்கிளை உதைக்க முழங்கால் மறுத்த பிறகுதான் விட்டேன். இத்தனை காலத்தில் என்னைக் குடிபூரலுக்கு அழைத்த வீடுகளை எண்ண ஒரு கை போதும். அதற்காகக் கவலைப்படாதீர்கள். வீடு விற்கப்பட்ட அன்றே விற்றவருக்கும் வாங்கியவருக்கும் எங்கள் முகம் மறந்துபோவது ஒரு விதத்தில் நல்லதுதான்.

உங்களிடம் எல்லாரும் கேட்கப்போகும் கேள்வி ஒன்று இருக்கிறது. "நாங்களே விக்கலாம்தானே, என்னத்துக்குப் புரோக்கர்?" என்று கேட்பார்கள். கோபப்படாமல், "ஓம், விக்கலாம்" என்று சொல்லுங்கள். அது பொய்யல்ல. வீட்டைத் திறந்து காட்ட எவராலும் முடியும். ஆனால் வாங்க வந்த பெண் குசினியை எட்டிப் பார்த்து, "கொஞ்சம் சின்னன் என்ன?" என்று சொல்லும்போது, அந்தக் குசினியில் முப்பது வருசம் சமைத்தவர் பக்கத்தில் நிற்கக்கூடாது. அவருக்கு அது குசினியைப் பற்றிய கதையாகக் கேட்காது. தன் சமையலைப் பற்றிய கதையாகத்தான் கேட்கும். அந்த நேரத்தில் இருவருக்கும் நடுவில் நிற்கத்தான் நாங்கள் இருக்கிறோம்.

லண்டனில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி, தகப்பனின் வீட்டைத் தானே விற்கிறேன் என்று ஒரு விடுமுறைக்கு வந்திருந்தார். நல்ல பிள்ளை, தமிழும் நன்றாகக் கதைப்பார். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் தேத்தண்ணி குடித்துவிட்டு, "ஓம், பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் சந்தோசத்தில் மிதந்தார். ஒருவருக்குத்தானே கொடுக்கலாம், மற்றவர்களுக்கு எப்படி இல்லையென்று சொல்வது என்று என்னிடம் யோசனை கேட்க வந்தார். எங்கள் ஊரில் "பாப்பம்" என்றால் "வேண்டாம்" என்று அர்த்தம் என்பதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்தது. பாவம், அவருடைய முகம் வாடிப்போனது. அந்த வீட்டைப் பிறகு நான்தான் விற்றேன்.

இப்படிக் கதைகளைச் சொல்லி, புரோக்கர் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று உங்களை உசுப்பேற்றிவிட்டுப் போகலாம். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு மறுபக்கம். தவமணி அக்காவின் வீட்டுக் கதை.

வட்டக்கச்சிப் பக்கம் போகும்போது ஒரு வாசல் படலையில் போர்டு ஒன்றைக் கண்டேன். பழைய அலுமாரிக் கதவின் பலகையில் வெள்ளைப் பெயின்றால் எழுதியிருந்தது: "வீடு வளவு விற்பனைக்கு. புரோக்கர்மார் வரவேண்டாம்." அந்தப் பக்கம் பெரும்பாலும் அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணிகள், விற்பதென்றால் அனுமதிக்குக் கந்தோர் கந்தோராக ஏறவேண்டும். இது சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணி என்று எனக்குத் தெரியும். வாயில் தண்ணீர் ஊறாமல் என்ன செய்யும்? ஆனாலும் வரவேண்டாம் என்று எழுதியிருப்பவரிடம் போகக்கூடாது என்பது என் கொள்கை. போகும்போதும் வரும்போதும் படலையடியில் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

மழை தொடங்கும் காலத்தில் அவரே போன் எடுத்தார். போனபோது விறாந்தையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், பள்ளிக்கூடமொன்றில் சிற்றூழியராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இடப்பெயர்வுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

"நீர்தானே அந்தப் போர்டை வாசிச்சு வாசிச்சுப் போற ஆள்?" என்றார்.

"ஓம் அக்கா. எழுத்து வடிவாயிருக்கு, அதுதான்."

"பகிடி விடாமல் இரும்."

பிறகு மெதுவாக விசயத்துக்கு வந்தார். ஒரே மகள் வவுனியாவில் குடும்பமாக இருக்கிறாள். மகளுடைய வீட்டுக்கு அடுத்ததாக ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருக்கிறது. இதை விற்று அதை வாங்கவேண்டும். மகளின் வீட்டிலேயே போய் இருக்கலாமே என்று நான் கேட்டபோது, "மருமகன் தங்கமான பெடியன். அது அப்பிடியே இருக்கட்டும் எண்டுதான் சொல்லுறன்," என்றார். அந்தச் சின்ன வீட்டின் சொந்தக்காரர் அதிக நாள் காத்திருக்கமாட்டார், கெதியாக முடிக்கவேண்டும். வேறு ஆட்களும் கேட்கிறார்கள்.

"ஏன் அக்கா இப்ப அவசரம்?"

முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, "தம்பி, நீர் இப்ப என்ன நிறச் சேட்டுப் போட்டிருக்கிறீர் எண்டு எனக்குத் தெரியாது," என்றார்.

கண்ணில் பிரஷர். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு வந்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஆளை நிழல்போலத் தெரியும். பொழுது சாய்ந்தால் அதுவும் இல்லை. தன் வளவுக்குள் கால் பழக்கத்தில் நடந்து திரிந்ததால் அயலில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லப்படாது. கண் தெரியாத மனிசி அந்தரத்தில விக்கிறா எண்டால் அடிமாட்டு விலைக்குத்தான் கேப்பினம்."

"என்ர வாயால வராது அக்கா," என்றேன். எங்கள் தொழிலில் கட்டாயம் காக்கவேண்டிய சொல் அது. விற்பவருடைய அவசரத்தை வெளியில் விடுவது, புரோக்கரே வீட்டின் சுவரை இடித்ததற்குச் சமம்.

வீட்டில் பிழை ஒன்றுமில்லை. நல்ல காற்று, நல்ல நிலம், கூரையும் பழுதில்லை. பிறகு ஏன் போர்டைக் கண்டு வந்தவர்கள் எல்லாரும் "பாப்பம்" என்று போனார்கள் என்பது கிணற்றடிக்குப் போனபோதுதான் விளங்கியது. அது பங்குக் கிணறு. தவமணி அக்காவின் கணவரும் பக்கத்து வளவுப் புஷ்பத்தின் கணவரும் சிநேகிதர்கள். கூட்டாக வாங்கிய காணியை இரண்டாகப் பிரித்து, எல்லையின் நடுவில் ஒரு கிணற்றை வெட்டினார்கள். இப்போது அவர்கள் இருவரும் இல்லை. கிணறும் இரண்டு பெண்களும் மிச்சம். இரண்டு பெண்களுக்கும் இடையில் கதை பேச்சு இல்லை.

வீடு பார்க்க ஆட்கள் வரும்போதெல்லாம் புஷ்பம் கிணற்றடிக்கு வந்து வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளுவாராம். ஒன்றும் சொல்லமாட்டார். வந்தவர்கள் "உவா ஆர்?" என்று கேட்டால், தவமணி அக்கா அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை மாதிரி, "பங்குக்காரி. எங்களுக்குள்ள கதை இல்லை," என்று சொல்லிவிடுவார். பங்குக் கிணற்றில் சண்டை என்று தெரிந்த பிறகு எவர் காசு போடுவார்?

என்ன சண்டை என்று கேட்டேன். சிரித்தார். சிரிப்பு நன்றாக இருக்கவில்லை.

இடம்பெயர்ந்து ஓடிய நேரத்தில் தவமணி அக்கா, தன் சீதனத்துப் பித்தளைக் குடத்தைச் சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். அந்த நாளில் எல்லாரும் செய்தது அதுதான். தையல் மெசினைப் புதைத்தவர்கள், சைக்கிளைக் குளத்தில் தாட்டவர்கள் எல்லாரும் எங்களுக்குள் இருக்கிறார்கள். திரும்பி வரும்போது புஷ்பமும் கணவரும் முதலில் வந்து கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியிருந்தார்கள். பின்னால் வந்த தவமணி அக்கா, பயணப் பையைக் கீழே வைக்க முதலே ஒரு கேள்வி கேட்டுவிட்டார். "இறைக்கேக்கை ஒண்டும் கிடைக்கேல்லையோ, புஷ்பம்?"

"அவ்வளவுதான் தம்பி கேட்டனான். அவா என்னைக் கள்ளி எண்டு சொல்லுறீங்களோ எண்டு கேட்டிட்டு உள்ளுக்குப் போனவா. பிறகு கதைக்கேல்லை."

குடத்தை யார் எடுத்தார்கள் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. யாரும் இல்லாத ஊரில் எத்தனையோ பேர் வந்து போயிருந்தார்கள். ஆனால் அதன் பிறகும் இருவரும் ஒரே கிணற்றில்தான் அள்ளினார்கள். விடியப்புறம் தவமணி அக்காவுக்கு, பின்னேரம் புஷ்பத்துக்கு என்று பேசாமலே ஒரு ஒழுங்கு வந்தது. கயிறு தேய்ந்தால் யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் புதுக் கயிறு போட்டுவிடுவார். கதைக்காதவர்கள் இப்படியும் இருப்பார்களா என்று எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

ஒரு வாரத்துக்குள் ஒரு வாத்தியாரையும் மனைவியையும் கூட்டி வந்தேன். பிள்ளை வயிற்றில் இருந்தது. வாடகை வீட்டில் பிள்ளை பெறக்கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு பிடிவாதம். வீடு இருவருக்கும் பிடித்துவிட்டது. வாத்தியார் கணக்குப் பாட வாத்தியார், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். "கிணத்துப் பங்கில பிரச்சினை இல்லை எண்டு மற்றப் பங்காளியின்ர கையெழுத்து வேணும் ஐயா. வெள்ளிக்கிழமைக்கிடையில தந்தால் இது. இல்லாட்டிப் பரந்தன் பக்கம் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறம்," என்றார்.

நியாயமான கோரிக்கை. நான் ஒரு சம்மதக் கடிதத் துண்டு எழுதுவித்து எடுத்துக்கொண்டு புஷ்பத்திடம் போனேன்.

என் கணக்கு இதுதான்: திட்டுவார், கேட்டுக்கொண்டிருக்கவேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருவார். ஆனால் அவர் திட்டவில்லை. கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார், துண்டை வாங்கி வாசித்தார்.

"இது ஆர் எழுதினது அண்ணை?"

"நான்தான் எழுதுவிச்சனான் தங்கச்சி."

"அவா ஒண்டும் சொல்லிவிடேல்லையோ?"

"இல்லை. அவா என்னட்டைப் பொறுப்புக் குடுத்திருக்கிறா."

புஷ்பம் துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடியும் முன்பக்கத்தைப் பார்த்தார்.

பிள்ளைகளே, எங்கள் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியும். பங்கு உள்ள வளவை விற்பதென்றால், மற்றப் பங்காளியிடம் நேரில் போய், "விக்கப்போறன், உங்களுக்கு வேணுமோ?" என்று முதலில் கேட்கவேண்டும். வாங்க வசதியில்லாதவர் என்று தெரிந்தாலும் கேட்கவேண்டும். சட்டம் என்ன சொல்கிறது என்பது நொத்தாரிசின் பாடு. கேட்காமல் போர்டு போட்டால், நீ எனக்கு யாருமில்லை என்று படலையில் எழுதித் தொங்கவிட்ட மாதிரி.

"போர்ட் போட்டதும் நான் தெருவால போகேக்கைதான் கண்டனான்," என்றார் புஷ்பம். "சரி, என்னோட கோபம். ஆனா இந்த மாசத்தில எத்தினை தரம் மைமல் பொழுதில கிணத்தடிக்கு வந்தவா தெரியுமோ? நான் அள்ளிக்கொண்டு நிப்பன். நேர என்னைப் பாத்துக்கொண்டு நிப்பா. இப்ப வாய் திறப்பா, இப்ப வாய் திறப்பா எண்டு நானும் வாளியைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். ஒண்டும் கதையாமல் திரும்பிப் போயிடுவா. அவ்வளவு அரியண்டமோ நான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மைமல் பொழுது, இருள் கவிகிற நேரம். தவமணி அக்காவுக்கு அந்த நேரத்தில் கிணற்றடியில் ஆள் நிற்பதே தெரிந்திருக்காது. வாய்வரை வந்துவிட்டது. "தங்கச்சி, அவா உம்மைப் பாக்கேல்லை" என்ற ஒரு வசனத்தோடு எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த வசனம் என்னுடையதல்ல. ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். தேத்தண்ணியைக் குடித்து வாயை அடைத்துக்கொண்டேன்.

"தாங்கோ பேனையை," என்றார் புஷ்பம். "அவா போற இடத்தில நல்லா இருக்கட்டும். நான் என்னத்துக்கு மறிக்கிறன்."

இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் கேட்டு வந்த கையெழுத்து கிடைக்கப்போகிறது. வெள்ளிக்கிழமை வாத்தியார் வருவார், வீடு விற்கப்படும், அக்கா மகளுக்குப் பக்கத்தில் போய்ச் சேருவார். பேனை அவருடைய கையில். ஆனால் அவர் மூன்றாம் தரமும் அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தார். அதில் எங்கேயாவது தவமணி அக்காவின் ஒரு சொல் இருக்கிறதா என்று தேடுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"இதில ஒரு பிழை இருக்குத் தங்கச்சி. திருத்திக்கொண்டு வாறன்."

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்று கேட்டால், தொழில் ரீதியாக ஒரு காரணம் சொல்லலாம். நாளைக்கு அந்த வாத்தியாரின் மனைவி கைப்பிள்ளையோடு அதே கிணற்றடியில்தான் நிற்கப்போகிறாள். மனம் நொந்தவருக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் அள்ளுவது அந்தப் பிள்ளைக்குச் சுகமாக இராது. அது உண்மைதான். ஆனால் உண்மையான காரணம், எனக்கு மனம் வரவில்லை என்பதுதான்.

நேரே தவமணி அக்காவிடம் போய், "இது என்னால ஏலாது. நீங்கள்தான் போய்க் கேக்கவேணும்," என்றேன்.

சீறினார். "அதுக்குத்தானே உமக்குக் கொமிசன்? நான் போய்க் கதைக்கிறதெண்டால் நீர் என்னத்துக்கு?"

"வீட்டை நான் விப்பன் அக்கா. இதை நீங்கள்தான் செய்யவேணும்."

"நான் போகேல்லை எண்டு நினைக்கிறீரோ?" அவருடைய குரல் இறங்கியது. "எத்தினை பின்னேரம் போனனான். அவா வாற நேரமாப் பாத்துத்தான் போனனான். அங்க ஒருத்தரும் இல்லை."

"நிண்டவா அக்கா."

"என்ன?"

"நீங்கள் போன ஒவ்வொரு தரமும் அவா அங்க நிண்டவா. வாளியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவா. நீங்கள் கதைப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டவா."

தவமணி அக்கா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. கடைசியில், "பாப்பம்" என்றார்.

எங்கள் ஊர்ப் "பாப்பம்". எனக்கு மனம் விட்டுப்போனது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "தந்த கையெழுத்தை வேண்டாம் எண்டு திருப்பிக் குடுத்திட்டு வந்த புரோக்கர் இலங்கையிலேயே நீங்கள் ஒரு ஆள்தான்," என்றாள். அடுத்த நாள் வாத்தியார் போன் எடுத்து வெள்ளிக்கிழமையை ஞாபகப்படுத்தினார். அதற்குப் பிறகு வவுனியாவிலிருந்து தவமணி அக்காவின் மகள் எடுத்தாள். "மாமா, அம்மா நேற்றுக் குசினிப் படியில விழுந்திட்டா. பெரிசா ஒண்டும் இல்லையாம். ஆனா அடுத்த தரம் எப்பிடி விழுவா எண்டு ஆருக்குத் தெரியும்? இஞ்ச இந்த வீட்டுக்காரர் இந்தக் கிழமையோட வேற ஆளுக்குக் குடுக்கப்போறாராம். என்ன மாமா நடக்குது?" என்று அழுதாள். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல? உன் அம்மாவின் காரியத்தை முடிக்காமல் நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன் என்றா?

சும்மா இருக்க முடியவில்லை. அன்று பின்னேரமே துண்டை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். போய்ப் புஷ்பத்திடம் கையெழுத்தை வாங்கிவிடுவதென்றுதான் போனேன். பெரிய மனிதத்தனமெல்லாம் ஒரு பிள்ளையின் அழுகையோடு பறந்துவிட்டது. நீங்களும் இப்படி ஒரு நாளைக்கு நிற்பீர்கள், அப்போது வெட்கப்படாதீர்கள்.

தவமணி அக்காவின் படலையைத் தாண்டும்போது, "ஆர், தம்பியோ?" என்று குரல் கேட்டது. மோட்டார் சைக்கிளின் சத்தம் அவருக்குப் பாடம். விறாந்தையில் நின்றார். காலில் கட்டு. வெளுத்த சேலை ஒன்றை மடிப்புக் குலையாமல் உடுத்தியிருந்தார், கோவிலுக்குப் போகிறவரைப்போல.

"கிணத்தடிவரைக்கும் என்னோட வாரும்," என்றார். "நீர் ஒண்டும் கதைக்கப்படாது."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முன்னால் அவர் நடந்தார், பின்னால் நான். கிணற்றுக்கு அந்தப் பக்கத்தில் புஷ்பம் வாளியோடு நின்றார். எங்களைக் கண்டதும் கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டார். தவமணி அக்கா கிணற்றுக் கட்டுக்கு இந்தப் பக்கத்தில் நின்று, நேரே அவரைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

"புஷ்பம்," என்றார். "நிக்கிறீரோ?"

புஷ்பத்துக்கு விளங்கவில்லை. மூன்று முழம் தள்ளி நிற்கிறார், முகத்துக்கு நேரே கேட்கிறார், நிற்கிறீரோ என்று. புஷ்பம் என்னைப் பார்த்தார். மற்றவர்களுக்காகப் பதில் சொல்லிச் சொல்லியே வயிறு வளர்த்தவன் நான். "நிக்கிறா அக்கா" என்று சொல்ல நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பதிலும் வராததால் தவமணி அக்காவின் முகம் மெல்ல வாடியது. திரும்பிப் போவதற்குக் காலை எடுத்தார்.

"நிக்கிறன் அக்கா!" என்று புஷ்பம் கத்தினார். வாளி கையைவிட்டுக் கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது. "நிக்கிறன், நிக்கிறன். உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

"மைமலுக்கை தெரியாது."

"அப்ப நீங்கள் என்னைப் பாத்துப்போட்டுப் போகேல்லையோ?"

"நீர் நிக்கிறது தெரிஞ்சிருந்தால் நான் போயிருப்பனோ?"

புஷ்பம் கிணற்றைச் சுற்றி இந்தப் பக்கம் ஓடிவந்து அவருடைய முழங்கையைப் பிடித்தார். தவமணி அக்கா கையை உதறவில்லை. ஆனால் முறையை விடவுமில்லை. நிமிர்ந்து நின்று, பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையைப்போலச் சொன்னார்: "நான் வளவை விக்கப்போறன் புஷ்பம். உமக்கு வேணுமோ? போர்ட் போட முதல் கேட்டிருக்கவேணும். கேக்கேல்லை."

"எனக்கு வளவு என்னத்துக்கு அக்கா? இப்பிடி ஒருக்கா வந்து கேட்டாப் போதும்."

"அண்டைக்குக் கிடைக்கேல்லையோ எண்டு கேட்டதும் பிழை."

"கிடைச்சதுதான்," என்றார் புஷ்பம். நான் திடுக்கிட்டேன். "சேறு கிடைச்சது. முறிஞ்ச ஓடு கிடைச்சது. நானும் அவரும் நாட்கணக்காச் சேறு அள்ளினனாங்கள். அவருக்குக் காய்ச்சல், வேண்டாம் எண்டு சொல்லியும் கேக்கேல்லை. தவமணியக்கா தனிய வரப்போறா, வந்த உடனை குடிக்க நல்ல தண்ணி இருக்கவேணும் எண்டவர். நீங்கள் வந்த அண்டைக்கு உங்களுக்கெண்டு முதல் வாளி அள்ளி மூடி வைச்சிருந்தனான். குடிக்க முதல் நீங்கள் கேட்டிட்டீங்கள்."

தவமணி அக்கா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். "என்ர அம்மாளே," என்றார். புஷ்பம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வேலிப் பக்கமாகத் திரும்பி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வயது போன புரோக்கர் ஒருவன் அடுத்தவருடைய கிணற்றடியில் அழுதால் நன்றாகவா இருக்கும்? ஆனால் அழுதேன்.

சேட்டுப் பையிலிருந்த துண்டைப் புஷ்பம் தானாகக் கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்தார். இந்த முறை திருப்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வாத்தியாரும் மனைவியும் வந்தபோது எனக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. புஷ்பம்தான் வீட்டைச் சுற்றிக் காட்டினார். எந்த யன்னலால் காற்று வரும், எந்த மூலையில் தொட்டில் கட்டலாம், எந்தத் தேசிக்காய் மரம் மாரியில் காய்க்கும் என்று ஒன்றும் விடவில்லை. "குசினி சின்னன்தான் பிள்ளை, ஆனா பின்னேர வெயில் அடிக்காது, நிண்டு சமைக்கலாம்," என்றார். தவமணி அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், கோபம் வரவில்லை. கிணறு பங்காயிற்றே என்று அந்தப் பெண் தயங்கியபோது புஷ்பம் சொன்னார்: "ஓம் பிள்ளை, பங்குதான். அள்ளேக்கை கதைக்க ஒரு ஆள் இருக்கும்." வாத்தியார் என் காதோடு பகிடியாக, "இவாவோ ஐயா வீட்டுக்காரி?" என்று கேட்டார்.

விற்பனை முடிந்தது. வவுனியாவில் அந்தச் சின்ன வீடும் கைக்கு வந்தது. கிடைத்த சில நாட்களை அந்த இரண்டு பெண்களும் கிணற்றடியிலேயே கழித்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. விடியப்புறமும் இருவர், பின்னேரமும் இருவர்.

இதிலிருந்து நீங்கள் எடுக்கவேண்டியது என்னவென்றால், விற்பவருக்காக எதைச் சொல்லவேண்டும், எதை அவருடைய வாயாலேயே சொல்லவிடவேண்டும் என்று பிரித்தறிவதுதான் எங்கள் வேலை. விலையை நீங்கள் பேசுங்கள். கூரையை, எல்லையை, உறுதியை நீங்கள் பேசுங்கள். ஆனால் ஒருவர் அந்த வீட்டில் விட்டுவிட்டுப் போகிற மனிதர்களிடம் உங்களை அனுப்பினால், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். தங்கள் வீட்டைத் தாங்களே விற்கிறோம் என்பவர்களை இளக்காரமாகப் பார்க்கவும் வேண்டாம். சில வீடுகளில் ஒரு பகுதியை அவர்கள்தான் விற்கவேண்டியிருக்கிறது.

சாமான் ஏற்றிய அன்று நானும் போயிருந்தேன். லொறி சின்னது, சாமானும் கொஞ்சம். மகள் வந்து தாயை முன்சீற்றில் ஏற்றினாள். புஷ்பம் சேலையைச் சரி செய்துவிட்டார், கண் மருந்துப் போத்தலை மகளின் கையில் கொடுத்து எந்த நேரம் எத்தனை சொட்டு என்று சொன்னார், தேசிக்காய்ப் பையை ஏற்றினார். எல்லாம் சிரித்துக்கொண்டுதான் செய்தார். "போட்டு வாறன் புஷ்பம்," என்றார் தவமணி அக்கா. லொறி தெருவுக்கு ஏறி, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, மறைந்துவிட்டது.

வாத்தியார் குடும்பத்தினர் அடுத்த கிழமைதான் வருவார்கள். நான் வீட்டைப் பூட்டி, திறப்பைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு படலையைச் சாத்தினேன். புஷ்பம் இன்னும் தெருவில் நின்றார். நான் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது கிட்ட வந்தார்.

"அண்ணை, நீங்கள் கெட்டிக்காரப் புரோக்கர் எண்டு எல்லாரும் சொல்லுகினம்."

"சும்மா சொல்லுகினம் தங்கச்சி."

"இல்லை, கெட்டிக்காரன்தான்," என்றார். கண் நிரம்பியிருந்தது. "இவ்வளவு கெதியா விக்காமல் இருந்திருக்கலாம்."